நானும் ஓர் ஐந்து

செவ்வாய் இரவு. ஏரிக்காற்று கதவைத் தள்ளிப் பார்க்கிறது.
ஹால்வர்சன் பாரின் பின்னறையில் இரண்டு பூல் மேசைகள்,
ஒன்று கொஞ்சம் கிழக்கே சாயும்.
டுலூத்தில் தெருக்களே ஏரியைப் பார்த்துத்தான் சாய்கின்றன,
பந்து மட்டும் என்ன செய்யும்.

லீக் ஆளுக்கோர் எண் கொடுத்திருக்கிறது.
இரண்டு என்றால் பச்சைப்பிள்ளை.
ஏழு என்றால் அவனோடு காசு வைத்து ஆடாதே.
நடுவில் நாங்கள், ஐந்துகள்.
ஐந்தும் ஐந்தும் மோதினால் சரிக்குச் சரி
என்கிறது காகிதம்.
காகிதம் ஒருநாளும் க்யூவைத் தொட்டதில்லை.

வெர்னா கால்லியோ ஓர் ஐந்து.
பகலில் நகரப் பேருந்துகளின் பிரேக்கைப் பிரித்து மாட்டுகிறவள்.
வேகத்தை நம்பமாட்டாள்.
வெள்ளைப் பந்தை உன் வழியெல்லாம் அடைபடும் ஓரிடத்தில்
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்திவிட்டு
பீரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள்.
நீ மேசையைச் சுற்றிச் சுற்றி வருவாய்.

கிப் சாண்ட்விக்கும் அதே ஐந்து.
பீட்சா வண்டி ஓட்டுகிற பையன், நிற்கத் தெரியாது.
முதலில் சத்தம், பிறகுதான் பந்து.
ஆறு பந்துகள் ஒரே மூச்சில் விழும்.
அதன்பின் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்று
அவனுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

டெல்பர்ட்டோ
முதல் கோப்பைவரை மூன்று,
மூன்றாம் கோப்பையில் ஏழு,
அதைத் தாண்டினால் சுவரில் சாய்ந்த ஒரு மனிதர்.
கூட்டி வகுத்தால் ஐந்து.

ஐந்து விரலும் ஒன்றாகுமா என்பார்கள்.
இங்கே சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும்
ஒரே மோதிரம் வாங்கி வந்திருக்கிறார்கள்.

நான் ஆர்விட் லுண்ட். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
பதினோரு வருடமாய் ஐந்து.
ஏறவில்லை, இறங்கவில்லை,
நின்றுபோன கடிகாரம்கூட இரண்டு வேளை சரியாக இருக்கும்,
நான் எல்லா வேளையும் ஐந்து.

ஜனவரியில் பிராக்டர் அணியோடு ஆட்டம்.
எட்டாம் பந்து குழியின் உதட்டில் நிற்கிறது,
ஊதினால் விழும்.
நான் குனிந்தேன்.
காலையில் வண்டி இந்தக் குளிரில் கிளம்புமா என்று
எங்கிருந்தோ ஒரு நினைப்பு.
தவறவிட்டேன்.
வெள்ளைப் பந்து வெட்கப்பட்டு உருண்டுபோய்
எதிராளியின் பந்தை மூன்று பந்துகளுக்குப் பின்னால் மறைத்துவிட்டது.

எதிரணிக் கணக்குக்காரி மார்வா
மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.
தாளில் ஒரு சின்னக் கோடு போட்டாள்:
தற்காப்பு. வேண்டுமென்றே விட்டது.
“நல்ல யோசனை” என்றாள், மெதுவாக.

சொல்லியிருக்கலாம்.
க்யூவின் முனையில் சாக் தேய்த்தேன்,
ஏற்கெனவே தேய்த்திருந்தும்.
இத்தனை வருடத்தில் என் ஆட்டத்தைப் பற்றி
யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.
அவன் தவறு செய்தான். நான் எட்டைப் போட்டேன். ஜெயித்தேன்.

வேண்டுமென்றே விட்டதை லீக் கணக்கில் கழித்துவிடும்.
குறைந்த முறைகளில் முடித்தவன் பெரியவன்.
நூலிழையில் நின்றிருந்த என் எண்
அந்தக் கோட்டில் தடுக்கி மேலே விழுந்தது:
ஆறு.

வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
ஆறு. ஆறு.
கண்ணாடியில் மூச்சு பனியாய்ப் படிந்தது.

ஆனால் ஆடும் ஐந்து பேரின் கூட்டு
இருபத்து மூன்றைத் தாண்டக் கூடாது.
என் ஒன்றால் இருபத்து நான்கு.
“நீ கொஞ்ச நாள் உட்கார்” என்றாள் வெர்னா, சங்கடமாக.

இப்போது பென்சில் என்னிடம்.
வெர்னா குனிகிறாள், அடிக்கிறாள்,
சுலபமான நாலாம் பந்து குழியைத் தொட்டுவிட்டு வெளியே வருகிறது.
அவள் முகத்தில் ஒன்றுமில்லை.

“வேண்டுமென்றா?” என்கிறேன்.

பீரை எடுத்துக்கொண்டு உட்காருகிறாள்.
“நீ என்ன பார்த்தாயோ அதை எழுது.”

பென்சில் தாளுக்கு மேலே நிற்கிறது.
கிழக்கே சாயும் மேசையில்
நாலாம் பந்து இன்னும் மெல்ல உருண்டுகொண்டிருக்கிறது.